நிலத்தடிக்குப் போன தண்டவாளம்

அண்மையில் சென்னைக்குச் சென்றிருந்தபோது தம்பியின் மகன் என்னைச் சென்ட்ரல் மெட்ரோ நிலையத்துக்கு அழைத்துச் சென்றான். சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவன். யாழ்ப்பாணத்தை இன்னும் பார்த்ததில்லை. பெற்றோரின் பேச்சிலிருந்து அவன் மனத்தில் கட்டிவைத்திருக்கும் யாழ்ப்பாணம், நானறிந்த யாழ்ப்பாணத்தைவிடச் சற்று அழகானது. நகரும் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருக்கையில் திரும்பிப் பார்த்து, "பெரியப்பா, யாழ்ப்பாணத்தில எப்பவாவது நிலத்துக்குக் கீழ ரயில் ஓடினதா?" என்று கேட்டான்.

"ரயில் ஓடேல்லை. தண்டவாளம் மட்டும் போனது" என்றேன்.

பெரியப்பாவின் வழக்கமான நையாண்டி என்று எண்ணிச் சிரித்தான். நான் நையாண்டி செய்யவில்லை. ஆனால் அந்த இரைச்சலில் விளக்கிச் சொல்ல இயலவில்லை. அவனுக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நம் வாசகர்களில் பலருக்கு இதில் பாதி தெரிந்த கதையாக இருக்கும். மறுபாதியை நான் வேறோர் ஊரிலிருந்து எடுத்து வருகிறேன்.

முதலில் சென்னை நிலையத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது உண்மையிலேயே வியக்கத்தக்கது. பூந்தமல்லி நெடுஞ்சாலையின் அடியில், 1913இல் திறக்கப்பட்ட ரிப்பன் மாளிகைக்கு முன்னே, ஏறத்தாழ 28 மீற்றர் ஆழத்தில் அது அமைந்திருக்கிறது. பரப்பு ஏறத்தாழ 70,000 சதுர மீற்றர். இரண்டு தடங்கள் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாகச் சந்திக்கின்றன. பயணிகள் சேவை 2018 மே 25 அன்று தொடங்கியது. இத்தகைய நிலையங்களைக் கட்டும் முறை சுவையானது. பெரிய கிடங்கொன்றைத் தோண்டிவிட்டு அதனுள் கட்டடம் எழுப்புவதாக நம்மிற் பலர் நினைக்கிறோம். பழைய நகரத்தின் நடுவே அப்படிச் செய்தால் பக்கத்துக் கட்டடங்கள் கிடங்குக்குள் சரிந்துவிடும். ஆகவே முதலில் நிலத்தில் ஒடுங்கிய ஆழமான அகழியை வெட்டி, அது இடிந்து விழாதபடி குழம்புக் களிமண்ணால் நிரப்பி, பின்னர் இரும்புக் கம்பிக்கூட்டை இறக்கிக் கொங்கிறீற்றை ஊற்றுகிறார்கள். நாற்புறமும் சுவர் எழுந்த பிறகே உள்ளேயிருக்கும் மண்ணை அள்ளுகிறார்கள். வீடு கட்டியபின் அறைகளைத் தோண்டுவதுபோல.

இதை யாழ்ப்பாணத்தில் செய்ய முடியுமா என்று பையன் மறுபடி கேட்டான். எஞ்சினியர்கள் எதையும் செய்வார்கள். செய்யக்கூடாது என்பதே என் பதில். சென்னையில் நிலத்தின் கீழே மண்ணும் களியும் பாறையும். நமக்கோ சுண்ணாம்புக்கல். அந்தக் கல் முழுவதும் வெடிப்பும் துளையும் குகையுமாக இருக்கிறது. பெய்கிற மாரி மழை அதனுள் இறங்கி, கீழே ஊறி நிற்கும் உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. ஆறில்லாத குடாநாட்டில் அந்தப் படலத்தைத்தான் குடிக்கிறோம், அதைத்தான் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைக்கிறோம். (வழுக்கியாற்றைச் சொல்லி யாரும் சண்டைக்கு வரவேண்டாம், அது மழைக்காலத்து ஆறு.) புத்தூர் நிலாவரைக் கிணற்றின் மேல்மட்டத்தில் நன்னீர், ஆழத்தில் உப்புநீர். கீரிமலைக் கேணியில் நன்னீர் ஊற்று கடலுக்குப் பக்கத்திலேயே பொங்குகிறது. நமது நிலத்தடி ஏற்கெனவே குடியிருப்பு உள்ள இடம். அங்கே தண்ணீர் குடியிருக்கிறது.

ஆனாலும் நாங்கள் தோண்டினோம்.

தோண்டியதைச் சொல்வதற்குமுன் பாதை வந்த கதையைச் சொல்ல வேண்டும். வடபகுதிப் புகையிரதப் பாதையின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி, அது தெற்கிலிருந்து மெல்ல மெல்ல ஊர்ந்து நம்மிடம் வந்து சேரவில்லை என்பது. காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரையிலான பகுதி 1902 மார்ச் 11 அன்றே திறக்கப்பட்டுவிட்டது. அப்போது கொழும்புப் பக்கத்துத் தண்டவாளம் வன்னிக் காட்டுக்கு அப்பால் எங்கோ இருந்தது. மூன்று ஆண்டுகளுக்கு மேலாக, நாட்டின் ஏனைய பாதைகளோடு தொடர்பில்லாத ஒரு தனிப் புகையிரதம் குடாநாட்டுக்குள் ஓடியது. 1905 ஒகஸ்ட் 1 அன்றுதான் கொழும்பிலிருந்து முதல் வண்டி யாழ்ப்பாணம் வந்தது. 'கோச்சி' என்ற சொல் நம்மூர்க் கிழவிகளின் வாயில் அதன்பின் குடியேறியது.

யாழ்தேவி 1956 ஏப்ரல் 23 அன்று ஓடத் தொடங்கியது. அதைப் பற்றி எழுதாத யாழ்ப்பாணத்தவர் குறைவு. ஆகவே நான் சுருக்கிக்கொள்கிறேன். எனக்கு நினைவிலிருப்பது வண்டியைவிட நிலையங்களின் பெயர்கள்தாம். பளை, எழுதுமட்டுவாள், மிருசுவில், கொடிகாமம், மீசாலை என்று விடியலில் அம்மா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வருவார். நாவற்குழியில் கடல்நீரேரியின் மணம் வந்தவுடன் சாமான்களை இறக்கத் தொடங்குவோம். கொழும்பில் வேலை, யாழ்ப்பாணத்தில் குடும்பம் என்று ஒரு தலைமுறை முழுவதும் வாழ்ந்ததற்கு அந்தத் தண்டவாளமே காரணம்.

1985 ஜனவரி 19 அன்று முறிகண்டி அருகே யாழ்தேவி குண்டுத்தாக்குதலுக்கு இலக்கானது. படையினரோடு பொதுமக்களும் உயிரிழந்தனர். அதன்பின் சேவை நின்றும் நடந்தும் தட்டுத்தடுமாறி, 1990 யூனில் போர் மறுபடி மூண்டபோது முற்றாக நின்றது. மறுபடி ஒரு வண்டி யாழ்ப்பாண நிலையத்துக்குள் வர இருபத்துநான்கு ஆண்டுகள் சென்றன.

அந்த இடைவெளியில் தண்டவாளத்துக்கு என்ன ஆயிற்று? அதுதான் நிலத்தடிக்குப் போனது.

கோண்டாவிலில் எங்கள் வளவுக்குப் பின்னே கூப்பிடு தூரத்தில் புகையிரதப் பாதை. 1990இன் நடுப்பகுதியில் விமானக் குண்டுவீச்சுத் தொடங்கியதும் அப்பா பதுங்குகுழி வெட்டத் தொடங்கினார். பேச்சில் அதைப் 'பங்கர்' என்போம்; எழுதும்போது மட்டும் பதுங்குகுழி. இரண்டரை அடி செம்மண், பிறகு கல். அலவாங்கு தட்டித் தட்டி நெருப்புப் பறந்தது. நெஞ்சளவு ஆழத்துக்குமேல் எங்களால் போகமுடியவில்லை. மீதி உயரத்தை மேலே மண்மூட்டை அடுக்கிச் சரிக்கட்டினோம். கூரைக்குப் பனங்குற்றி போதாது என்று அயலவர்கள் சொன்னார்கள். ஓர் இரவு அப்பாவும் நானும் இன்னும் இரண்டு வீட்டு ஆண்களும் பாதைக்குப் போய்ச் சிலிப்பர் கட்டைகளைப் பெயர்த்து எடுத்து வந்தோம். எங்கள் பங்குக்கு நான்கு கட்டை. அரசாங்கச் சொத்தில் கைவைத்த அந்த ஒரே சந்தர்ப்பத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அப்பா ஓய்வுபெற்ற எழுதுவினைஞர். அலுவலகப் பேனாவைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராதவர். கட்டையைத் தோளில் சுமந்து வருகையில், "கோச்சி திரும்ப ஓடேக்குள்ள குடுத்திடலாம்" என்று இரண்டு தடவை சொன்னார்.

எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததல்ல இது. வீட்டு வளவுகளிலும் இயக்கத்தின் அரண்களிலும் படையினரின் காவலரண்களிலும் அதே கட்டையும் அதே இரும்பும் கூரையாயின. இரு தரப்பும் எதிரெதிரே ஒரே புகையிரதப் பாதையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு இருந்தன என்று சொன்னால் மிகையில்லை. மரத்தாலான கட்டை அதிர்ச்சியை வாங்கும், தண்டவாளம் வளையாது, இரண்டும் புகையிரதத்தின் பாரத்தைத் தாங்குவதற்கென்றே செய்யப்பட்டவை. குண்டுச் சிதறலுக்கும் மண்பாரத்துக்கும் அவற்றைவிட நல்ல விட்டம் குடாநாட்டில் வேறெதுவும் இருக்கவில்லை.

பதுங்குகுழியின் வடிவம் பற்றிப் போதிய அளவு யாரும் எழுதவில்லை என்பது என் குறை. நாங்கள் முதலில் வெட்டியது நேரான குழி. ஒரே வாசல். அதைப் பார்த்த அயல்வீட்டு மேசன் ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார். "மாஸ்ரர், 'ட' வடிவத்தில வெட்டுங்கோ" என்றார். (அப்பா ஆசிரியரல்லர்; கண்ணாடி போட்டவர்களையெல்லாம் அவர் மாஸ்ரர் என்பார்.) 'ட' எழுத்தைப் பாருங்கள்: இறங்கி, மடங்கி, நீள்கிறது. வாசலுக்கு நேரே குண்டு விழுந்தால் சிதறல் நேர்கோட்டில் உள்ளே வரும். மடக்கில் மோதி நின்றுவிடும். மடக்குக்கு அப்பால் இருப்பவர் பிழைப்பார். அடுத்தது இரண்டாவது வாசல். ஒரு வாய் மண்மூடினால் மற்ற வாயால் வெளியேறலாம். இந்த இரண்டையும் எந்தப் புத்தகத்திலும் படித்தறியாமல், முந்திய மாதம் எவரோ நேர்க்குழியில் இறந்ததிலிருந்து ஊர் கற்றுக்கொண்டது. மாரியில் குழிக்குள் முழங்காலளவு தண்ணீர் நின்றது. பாம்பு வந்தது. 'சகடை' என்று நாங்கள் பெயரிட்டழைத்த விமானத்தின் இரைச்சல் கேட்டால் பாம்பு எங்களுக்கும் நாங்கள் பாம்புக்கும் ஒதுங்கி இருந்தோம்.

இப்போது வேறோர் ஊருக்குப் போகிறேன் என்று சொன்னேன் அல்லவா? அந்த ஊர் இலண்டன். நம் வாசகர்களில் கணிசமானோர் இதை அங்கிருந்துதான் படிக்கிறார்கள். நிலத்தடி ரயிலில் வேலைக்குப் போகிறவர்கள். உலகின் முதல் நிலத்தடிப் பயணிகள் ரயில் 1863 ஜனவரி 10 அன்று அங்கேதான் திறக்கப்பட்டது. பின்னாளில் அந்த நிலையங்கள் பதுங்குகுழிகளும் ஆயின.

1940 செப்டெம்பரில் ஜேர்மன் விமானங்கள் இரவிரவாகக் குண்டு வீசத் தொடங்கியபோது, நிலத்தடி நிலையங்களில் மக்கள் தங்குவதை அரசு விரும்பவில்லை. ரயில் ஓட்டம் தடைப்படும் என்பது ஒரு காரணம். உள்ளே போன சனம் வெளியே வரமாட்டாது என்ற அச்சம் இன்னொன்று. மக்கள் வாதிடவில்லை. மிகக் குறைந்த விலைக்கு ஒரு பயணச்சீட்டை வாங்கிக்கொண்டு இறங்கி, நடைமேடையில் பாயை விரித்துவிட்டார்கள். சீட்டு வாங்கியவனை வெளியேற்ற முடியாது அல்லவா? சில நாட்களில் அரசு இறங்கிவந்தது. அந்த மாத இறுதியில் ஓரிரவில் ஏறத்தாழ 177,000 பேர் நிலையங்களில் உறங்கினார்கள்.

ஆழம் எப்போதும் காப்பதில்லை. நம்மவர்கள் நிறைந்து வாழும் ரூட்டிங்குக்கு அடுத்த பக்கம் பாலம் என்றொரு நிலையம் இருக்கிறது. 1940 ஒக்டோபர் 14 இரவு மேலே வீதியில் விழுந்த குண்டு சுரங்கத்தின் கூரையை உடைத்தது. நீர்க்குழாயும் கழிவுநீர்க் குழாயும் பிளந்து தண்ணீரும் சேறும் உள்ளே பாய்ந்தன. அறுபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர்.

ஆயினும் என்னைப் பல ஆண்டுகளாக உறுத்துவது பாலம் அல்ல. கிழக்கு இலண்டனில் பெத்னல் கிறீன்.

போர் மூண்டபோது அந்த நிலையம் கட்டி முடியவில்லை. தண்டவாளம் இல்லாத சுரங்கத்தில் கட்டில்களை அடுக்கி ஆயிரக்கணக்கானோர் உறங்கும் புகலிடமாக்கினார்கள். 1943 மார்ச் 3 இரவு 8.17க்கு அபாயச் சங்கு ஒலித்தது. மக்கள் வழக்கம்போல் வந்தார்கள். பத்து நிமிடம் கழித்து, அருகிலிருந்த விக்ரோறியாப் பூங்காவில் விமான எதிர்ப்பு ரொக்கெற்றுகள் பேரிரைச்சலோடு சீறின. அதுவரை கேட்டிராத ஒலி. குண்டு விழுகிறது என்று எண்ணி வாசலில் நின்றவர்கள் முண்டியடித்தார்கள். பத்தொன்பது படிகள். மழையால் நனைந்திருந்தன. இருட்டடிப்புக் காலமாகையால் ஒரேயொரு மங்கலான மின்குமிழ். நடுவே பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இல்லை. குழந்தையோடு இறங்கிய ஒரு பெண் படியடியில் தடுக்கி விழுந்தார். மேலே வந்தவர்கள் அவர்மேல் விழுந்தார்கள். அவர்கள்மேல் இன்னும் பலர். சில நிமிடங்களில் 173 பேர் மூச்சுத்திணறி இறந்தனர். அவர்களில் 62 பேர் குழந்தைகள். அன்றிரவு அங்கே ஒரு குண்டுகூட விழவில்லை.

செய்தி இரண்டு நாள் தாமதமாக, ஊர்ப் பெயர் இல்லாமல் வெளிவந்தது. ஊர்ப் பெயரில்லாத மரணச் செய்தி எப்படியிருக்கும் என்பதை எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. பத்திரிகைத் தாள் வராமல் கோடிட்ட கொப்பித் தாளில் நாங்கள் செய்தி அச்சிட்ட ஆண்டுகள் இருந்தன. தணிக்கையால் அச்சிட முடியாமற்போன ஆண்டுகளும் இருந்தன.

அரசு ஒரு நீதவானைக் கொண்டு விசாரித்தது. அறிக்கை அதே மாதத்தில் தயாராகிவிட்டது. எதிரிக்குப் பிரசாரமாகிவிடும் என்று அதைப் பூட்டிவைத்து 1945 ஜனவரியில்தான் வெளியிட்டார்கள். மக்கள் தன்னடக்கம் இழந்ததே காரணம் என்றது அறிக்கை. ஆனால் இறந்தவர்களில் ஒருவரின் மனைவி தொடுத்த வழக்கை விசாரித்த நீதிபதி, படிக்கட்டு பாதுகாப்பற்றதாக இருந்ததென்றும், அதற்கு உள்ளூர் நகரசபை பொறுப்பென்றும் கண்டார். அதற்கும் பின்னே இன்னொரு கதை. விபத்துக்கு முன்பே, 1941இல், அந்த நகரசபை வாசலைத் திருத்தப் பணம் கேட்டு மேலிடத்துக்கு எழுதியிருந்தது. மேலிடம் மறுத்திருந்தது. போர்க்கால இரகசியத்தின் பேரால் நகரசபை அதை வெளியே சொல்ல முடியாமல் பழியைச் சுமந்தது.

குற்றம் சனத்தின் மேல் போடப்பட்டதை நான் இங்கே அழுத்திச் சொல்கிறேன். 'பதற்றம்' என்ற சொல் அதிகாரத்துக்கு மிகவும் வசதியானது. கைப்பிடி பொருத்தாதவன் யார் என்ற கேள்வியை அது மூடிவிடுகிறது. விபத்துக்குப்பின் விரைவிலேயே அந்தப் படிகளில் கைப்பிடி பொருத்தினார்கள் என்பதே, குற்றம் எங்கே இருந்தது என்பதற்குச் சாட்சி. நிலையம் 1946 டிசம்பரில் ரயிலுக்குத் திறக்கப்பட்டது. அந்த வாசலருகே, அதே படிக்கட்டைத் தலைகீழாக வானத்தில் நிறுத்தியதுபோன்ற நினைவுச்சின்னம் 2017 டிசம்பரில்தான் நிறைவுற்றது. இறந்தவர்களின் பிள்ளைகளும் பிழைத்தவர்களும் பல ஆண்டுகள் காசு சேர்த்துப் போராடிக் கட்டியது. இடையில் 74 ஆண்டுகள்.

நான் சென்னையில் இறங்கிய படிக்கட்டில் நடுக்கைப்பிடி இருந்தது. ஒளி இருந்தது. எத்தனை பேர் எத்தனை நிமிடத்தில் வெளியேற முடியும் என்று கணக்கிட்டு அகலம் வைக்கிறார்கள். உலகின் பல மெட்ரோக்கள் பின்பற்றும் அமெரிக்க நியமம் ஒன்று, நடைமேடையில் நிற்கும் அனைவரும் நான்கு நிமிடங்களுக்குள் அதைவிட்டு நீங்கவும், ஆறு நிமிடங்களுக்குள் பாதுகாப்பான இடத்தை அடையவும் வழியிருக்க வேண்டும் என்கிறது. இந்த நிமிடங்கள் வானத்திலிருந்து விழவில்லை. 1987 நவம்பர் 18 அன்று இலண்டன் கிங்ஸ் குறொஸ் நிலையத்தில் மரத்தாலான நகரும் படிக்கட்டு தீப்பற்றி 31 பேர் இறந்தார்கள். அதன்பின்தான் அத்தகைய மரப்படிகள் நிலத்தடியிலிருந்து ஒழிந்தன. 2003 பெப்ரவரியில் தென்கொரியாவின் டேகு நகரில் 192 பேர் நிலத்தடித் தீயில் இறந்தார்கள். ரயிற்பெட்டிகளின் உட்பொருட்கள் தீப்பற்றாதவையாக மாறின. நிலத்தடி நிலையம் என்பது, முன்னர் இறந்தவர்கள் வரைந்த வரைபடம். அதைப் படிக்க ஓர் அறிக்கையாவது, பிந்தியேனும், பூட்டியேனும், எழுதப்பட்டிருக்க வேண்டும்.

நமது நிலத்தடிக்கு அறிக்கை எங்கே?

2009க்குப் பின் இந்தியக் கடனுதவியோடு இந்திய அரசு நிறுவனமான இர்கோன் பாதையை மீளமைத்தது. வண்டி 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும், 2014 மார்ச்சில் பளைக்கும், 2014 ஒக்டோபர் 13 அன்று யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரி 2 அன்று காங்கேசன்துறைக்கும் வந்தது. மயிலிட்டி மக்கள் தம் துறைமுகத்துக்குத் திரும்ப 2017 யூலை வரை காத்திருந்தார்கள். அவர்களின் அயலுக்கு அவர்களைவிட முந்தி ரயில் போயிற்று. முதல் வண்டி வந்தபோது நானும் கூட்டத்தில் ஒருவனாக நின்று கைதட்டினேன், கண்ணும் கலங்கினேன், அதை மறைக்கவில்லை. யாழ்ப்பாண நிலையம் பழைய சாயலைக் காத்து மீளக் கட்டப்பட்டது. நல்ல வேலை. கூரை போய், மேடைகளுக்கிடையே பற்றை மண்டி, சுவரெங்கும் சன்னத் துளைகளோடு நின்ற அந்த எலும்புக்கூட்டைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

என் முறைப்பாடு அந்தப் பூச்சைப் பற்றியது. 1902இலிருந்து 2014க்கு நேரே தாண்டிவிட்டதுபோல அந்தச் சுவர் இருக்கிறது. ஓரிடத்தில், ஒரு கதவளவு அகலத்துக்கேனும், பூசாமல் விட்டிருக்கலாம். இன்றைய பாதையில் கிடப்பவை கொங்கிறீற் கட்டைகள். பழைய மரக்கட்டைகள் எங்கே போயின என்று பயணி ஒருவர் கேட்டால் விடை சொல்ல, குழந்தைகள் இறங்கி நின்று பார்க்கத்தக்க ஒரு 'ட' வடிவக் குழி, அதே பழைய கட்டைக் கூரையோடு, நிலைய வளவுக்குள் ஒன்று வேண்டும்.

இதற்கு மறுப்பு வரும் என்று அறிவேன். நண்பர் ஒருவர், அவரும் பேனா பிடித்தவர், "வாறவன் சந்தோசமா வந்திறங்கட்டும், ஏன் குழியைக் காட்டுறாய்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. போரைக் காட்சிப்பொருளாக்குவதில் எனக்கும் உடன்பாடில்லை. புதுக்குடியிருப்பில் புலிகளின் தலைவருடையதெனச் சொல்லப்பட்ட பல அடுக்கு நிலத்தடி வீட்டைப் படையினர் சுற்றுலாப் பயணிகளுக்குச் சில காலம் காட்டினார்கள். பேருந்து பேருந்தாகச் சனம் வந்து பார்த்தது. 2013 ஒக்டோபரில் படையினரே அதைத் தகர்த்தார்கள். வெற்றிக்குக் காட்டியதும், காட்டியது போதுமென்று உடைத்ததும் ஒரே கைதான். தலைவர்களின் நிலத்தடி இவ்வளவு கவனத்தைப் பெற்றது. கிழவியும் கைக்குழந்தையும் பள்ளிப் பிள்ளையும் முழங்கால் தண்ணீரில் குந்தியிருந்த நிலத்தடியை எந்தத் தரப்பும் காட்டவுமில்லை, உடைக்கவுமில்லை. அவற்றை நாங்களே மூடினோம். மண்ணைத் தள்ளி, வாழை நட்டோம். வாழ வேண்டியிருந்தது, பிழையில்லை.

நான் கேட்பது சுற்றுலாவுக்கல்ல. வடிவமைப்பு என்ற வகையில் அதைப் பதிவு செய்யுங்கள் என்கிறேன். எத்தனை அடி அகலம், எங்கே மடக்கு, எந்த ஊரில் கல் குறுக்கிட்டது, எந்த ஊரில் மணல் சரிந்தது, வடமராட்சி மணலில் பக்கச் சுவருக்கு என்ன வைத்தார்கள், தீவகத்தில் உப்புநீரை என்ன செய்தார்கள் என்பதெல்லாம் இன்று அறுபதையும் எழுபதையும் தாண்டியவர்களின் கையில் இருக்கிறது. அந்த மேசன் காலமாகிவிட்டார். எங்கள் பல்கலைக்கழகத்துப் புவியியல், வரலாற்று மாணவர்கள் ஊருக்கு இருவராகப் போய் அளந்து வரைந்தால் ஓராண்டு வேலை. உக்ரேனில் 2022 பெப்ரவரிக்குப் பின் கீவ், கார்கிவ் நகரங்களின் மெட்ரோ நிலையங்களில் மக்கள் இறங்கினார்கள். கார்கிவில் 2023 செப்டெம்பரில் நிலையங்களுக்குள்ளேயே வகுப்பறைகள் கட்டிப் பள்ளிக்கூடம் நடத்தத் தொடங்கினார்கள். அங்கே பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்து அமர்ந்திருக்கும் படத்தை வெளிநாட்டுப் பத்திரிகைகளில் பார்த்து உலகம் நெகிழ்ந்தது. நம் பிள்ளைகள் பள்ளி வளவில் வெட்டிய குழிக்குள் ஓடிப் பதுங்கிவிட்டு, வெளியே வந்து மறுபடி கணக்குப் போட்டார்கள். அதற்குப் படமில்லை. அளவாவது இருக்கட்டும்.

அப்பாவின் வாக்குறுதி ஒன்று பாக்கி இருக்கிறது. எங்கள் குழியை 2002இல், சமாதானக் காலத்தில், மூடினோம். நான்கு கட்டைகளில் இரண்டைக் கறையான் தின்றுவிட்டது. ஒன்றைப் பிளந்து மாட்டுக்கொட்டிலுக்குக் கப்பாக்கினார்கள். நான்காவது கிணற்றடியில் கிடக்கிறது. அம்மா இருந்த காலத்தில் அதில் உட்கார்ந்துதான் மீன் வெட்டுவார். சென்னையிலிருந்து திரும்பிய மறுநாள் அதைக் கழுவி அளந்தேன். ஒன்பது அடி நீளம். தண்டவாளத்தை இறுக்கிய ஆணித் துளைகள் இன்னும் தெளிவாக இருக்கின்றன. அதைக் கொடுத்துவிட வேண்டும். யாரிடம், எந்த அலுவலகத்தில், என்ன சொல்லிக் கொடுப்பது என்பதுதான் பிடிபடவில்லை. தம்பியின் மகன் டிசம்பர் விடுமுறையில் வருவதாகச் சொல்லியிருக்கிறான். கொழும்பிலிருந்து ரயிலில் வா, கோண்டாவிலில் இறங்கு, கட்டையின் மற்ற முனையைத் தூக்க ஓர் ஆள் வேண்டும் என்று எழுதியிருக்கிறேன்.